ரயில் வராத ஸ்டேஷனும் ஜமால் பாய் கடையும்

போன ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பகல் ரயில். விழுப்புரம் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். பெயர் கதிரேசன், முப்பத்தைந்து வயதிருக்கும், டைல்ஸ் ஒட்டும் வேலை, அரியலூர் பக்கம் ஊர். நான் துபாயில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும், "நானும் அபுதாபியில இருந்தவன்தான்க்கா" என்றார். எந்த ஏரியா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் நான் எழுதப்போகும் பயணத்துக்குக் காரணம்.

"கடைசியா ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல குடியிருந்தேன்க்கா. மேல, பிளாட்பாரத்துல."

நான் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ரயில் பைத்தியம் தெரியும். துபாய் மெட்ரோ, தோஹா மெட்ரோ என்று வளைகுடாவில் ஓடும் ரயில்களில் ஏறுவதற்காகவே சம்பளத்தைச் செலவழித்தவள். அபுதாபியில் தூண் மேல் நிற்கும் ஸ்டேஷன் ஒன்றும் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "எந்த ஸ்டேஷன்? எனக்குத் தெரிஞ்சு அங்க அப்படி ஒண்ணும் இல்லையே" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

அவர் கோபப்படவில்லை. "இப்ப இல்லக்கா. உடைச்சாச்சு. நானும் சேர்ந்துதான் உடைச்சேன்" என்றார்.

அதன் பிறகு நான் அவரை விடவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தேன். அரியலூர் நெருங்கியதும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு உதவி கேட்டார். "அந்த ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல ஜமால் பாய்னு ஒருத்தர் கடை வச்சிருந்தாரு. அப்பாவுக்கு முடியலன்னு அவசரமா கிளம்பி வந்தேன். வந்த வழியில போன் தொலைஞ்சிடுச்சு. அவரு நம்பர் அதுக்குள்ளதான். மூணு வருசமாச்சு. மனுசன் இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கக்கா." தன் எண்ணைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, துபாய் திரும்பியதும் வேலை, பிள்ளைகளின் பரீட்சை என்று மாதங்கள் ஓடிவிட்டன. குளிர் தொடங்கிய பிறகு, ஜனவரியில் ஒரு சனிக்கிழமைதான் கிளம்ப முடிந்தது. கணவரைக் கூப்பிட்டேன். "இடிச்சுப்போட்ட ஸ்டேஷனைப் பார்க்க அபுதாபி வரைக்குமா? கிரிக்கெட் இருக்கு, நீ போயிட்டு வா" என்றார்.

(ஒரு குறிப்பு: ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் குடியிருப்புத் திட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பது படித்தால் புரியும்.)

துபாய் கராமாவில் இருப்பவர்களுக்கு அபுதாபியின் முசஃபா போவது சுலபம். ஜாஃபிலியா பேருந்து நிலையத்திலிருந்து முசஃபா ஷாபியாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது. நான் போனபோது கட்டணம் 25 திர்ஹாம். நோல் பயண அட்டையில் பணம் இருக்க வேண்டும். எட்டு மணி வண்டியில் ஏறி பத்து மணிக்குச் சற்று முன்பு இறங்கினேன். பஸ்ஸில் என்னைத் தவிர இரண்டே பெண்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். யாரோ வழி தவறி வந்துவிட்டாள் என்பதுபோல் பார்ப்பார்கள், பிறகு நகர்ந்து இடம் விடுவார்கள். எனக்கு நடந்தது அவ்வளவுதான்.

ஷாபியாவிலிருந்து டாக்ஸி. டிரைவர் பெஷாவர்காரர். கதிரேசன் சொல்லியிருந்த குடியிருப்பின் பெயரைச் சொல்லி, அங்கே பழைய ஸ்டேஷன் இருந்த இடம் என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஸ்டேஷன்? இதர் ட்ரெயின் கஹாங் ஹை, பெஹன்?" இங்கே ரயிலே ஏது என்கிறார். கொஞ்ச தூரம் போனதும் அவரே ஸ்டியரிங்கைத் தட்டினார். "அச்சா, அச்சா! வோ ஊப்பர் வாலா! கலாஸ், தோட் தியா." மேலே இருந்ததே அதுவா, இடித்தாயிற்று, முடிந்தது. அப்படியானால் அது இருந்திருக்கிறது. ரயிலில் ஒருவர் சொன்ன கதையை இந்த நிமிடம் வரை நான் முழுதாக நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பதினான்கு கிலோமீட்டர், 31 திர்ஹாம். இறங்கிய இடத்தில் ஒரு பெரிய கார் நிறுத்தம். அதற்கு அப்பால் வெட்டவெளி. வெட்டவெளியில் வேலி போட்ட இடத்தில் வரிசையாக ஆறு கான்கிரீட் தூண்கள், தலையில் எதுவும் இல்லாமல் நின்றன. அவ்வளவுதான். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. படம் எடுக்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜமால் பாய் கடை இருந்த இடமும் இல்லை. எதிர்வரிசையையே இடித்துவிட்டுச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு மளிகைக் கடை. கல்லாவில் மலையாளி ஒருவர். விசாரித்தேன். "ஜமால் இக்காவா? ஸ்டேஷன் போயி, கடையும் போயி. இக்கா இப்போ சனையாவிலாணு" என்றார். இக்கா என்றால் அண்ணன், சனையா என்றால் பட்டறைகள் இருக்கும் பகுதி. நான் எதைத் தாண்டி வந்தேனோ அந்த முசஃபா. நான் ஏன் தேடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு டயர் கடையின் பெயரைச் சொல்லி, அதற்குப் பின் தெரு என்று வழி சொன்னார். மறுபடியும் டாக்ஸி, ஏறக்குறைய அதே காசு.

முசஃபாவில் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் வெல்டிங் நெடி, டீசல் வாடை, எங்கோ சுத்தியல் சத்தம். டயர் கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு உணவகம். பகல் சாப்பாட்டுக் கூட்டம் இன்னும் வரவில்லை. அடுப்படியிலிருந்து வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் துண்டில் கை துடைத்தபடி வந்தார். கீழக்கரைக்காரர். இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறாராம்.

"வாங்க தங்கச்சி, உட்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?"

"பாய், அந்த ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல கடை வச்சிருந்தது நீங்கதானே?"

முகம் மாறிவிட்டது. "எந்த ஸ்டேஷன்? நீங்க எந்த ஆபீஸ்?"

நான் கேட்ட விதம் தப்பு. விசா இல்லாத கதிரேசனுக்கு அந்தக் கடையிலிருந்து சோறு போட்டவர் அவர்; அதைப் பற்றி முன்பின் தெரியாத பெண் வந்து விசாரித்தால் யாருக்குத்தான் பயம் வராது? நான் அவசரமாக, "கதிரேசன் அனுப்பினாரு பாய். அரியலூர் கதிரேசன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு பார்த்துட்டு வரச் சொன்னாரு" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "அவன் உசுரோட இருக்கானா?" என்றார்.

பிறகு அவர் சொன்னதையும், ரயிலில் கதிரேசன் சொன்னதையும் சேர்த்து அந்த ஸ்டேஷனின் கதையை எழுதுகிறேன்.

அங்கே ஒரு புதிய குடியிருப்பு வருவதாக இருந்தது. வீடுகள், பள்ளிக்கூடம், பெரிய கடைத்தொகுதி, எல்லாவற்றையும் சுற்றிவர ஒரு குட்டி ரயில். வீடு வாங்க வருபவர்களை நம்ப வைப்பதற்காக ஸ்டேஷனை முதலில் கட்டினார்கள். தரையிலிருந்து இரண்டு மாடி உயரத்தில் இரண்டு பிளாட்பாரம், கண்ணாடித் தடுப்பு, டிக்கெட் கவுன்ட்டர், எஸ்கலேட்டர், அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பலகை. கதிரேசனின் கம்பெனிக்குத் தரை வேலை. பிளாட்பாரம் முழுக்க டைல்ஸ் ஒட்டிய நாலு பேரில் அவரும் ஒருவர். திறப்பு நாள் அன்று ஒரே ஒரு பெட்டியை கிரேனால் தூக்கி மேலே வைத்தார்கள். விருந்தாளிகள் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அதே மாதிரி கிரேன் வந்து பெட்டியை இறக்கிக்கொண்டு போனது. அந்த ஸ்டேஷனுக்கு வந்த ரயிலும் போன ரயிலும் அதுதான்.

ஜமால் பாய் அந்த ரயிலை நம்பித்தான் எதிரே கடை எடுத்தார். "தினம் ஆயிரம் பேர் இறங்குவாங்கன்னாங்க. நான் பெரிய கல்லு வாங்கிப் போட்டேன், பரோட்டாவுக்கு" என்று சிரித்தார். திட்டம் பாதியில் நின்றது. தூண்கள் நட்ட வரைக்கும் நட்டபடி நின்றன. வாசலுக்கு வேலி போட்டு ஒரு நேபாளி வாட்ச்மேனை வைத்தார்கள். ஆனாலும் கடைக்கு ஆள் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சுற்றியிருந்த தொழிலாளர் கேம்புகளிலிருந்து ஆட்கள் ஸ்டேஷனுக்குக் கீழே வந்து உட்கார்வார்கள். அவ்வளவு பெரிய நிழல் அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இல்லை. முடி வெட்டுகிறவர் ஒருவர் வருவார். சீட்டு ஆடுவார்கள். ஊருக்கு வீடியோ எடுத்து அனுப்பி, "நான் ஸ்டேஷன்ல இருக்கேன்" என்று பெருமை பேசுவார்கள்.

அதற்கிடையே கதிரேசனின் கம்பெனி மூடிவிட்டது. முதலாளி நாட்டிலேயே இல்லை, கேம்பைக் காலி செய்யச் சொன்னார்கள், விசா முடிந்துபோனது. கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு அறையில் ஒண்டிக்கொண்டார்கள். ஓர் அக்டோபர் மாலையில், போக இடமில்லாமல் தன் பையோடு, தான் தரை போட்ட இடத்துக்கே வந்திருக்கிறார் கதிரேசன். அவரை வாட்ச்மேனுக்கு முன்பே தெரியும். வாட்ச்மேன் வேலிக் கதவைத் திறந்து விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பாயிடம் வந்து, "மேல ஒரு ஆள் இருக்கான், பாய். சாப்பாடு மாஃபி" என்று மட்டும் சொன்னாராம். சாப்பாடு இல்லை என்றால் ஜமால் பாயால் சும்மா இருக்க முடியாது. அன்றிலிருந்து வாட்ச்மேனுக்குப் போகும் பொட்டலத்தோடு இன்னொரு பொட்டலமும் போனது.

"மாட்டினா உங்களுக்கும் பிரச்சினைதானே பாய்?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாமலா? போலீஸ் வண்டியைப் பார்த்தா பொட்டலத்தைக் கல்லாவுக்கு அடியில தள்ளிருவேன். தெனமும் நாளைக்கு நிறுத்திடணும்னு நினைப்பேன். மறுநாள் காலையில பார்த்தா கை தானா ரெண்டு பொட்டலம் கட்டிரும்."

பகலில் டிக்கெட் கவுன்ட்டர் அறைக்குள் இருப்பார் கதிரேசன். பொழுது சாய்ந்த பிறகு பிளாட்பாரத்தில் படுப்பார். அவ்வளவு உயரத்தில் காற்று வரும். காலையில் முதல் வேலை, தரையைக் கூட்டுவது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ரயிலில் நான் கேட்டதற்கு, "மணல் ஏறிட்டா டைல் கோடே தெரியாதுக்கா. நான் ஒட்டினது, அசிங்கமா கிடக்கலாமா?" என்றார். பிளாட்பார ஓரத்தில் புள்ளி புள்ளியாக மேடு வைத்த மஞ்சள் டைல்ஸ் இருக்குமே, கண் தெரியாதவர்கள் காலால் தடவித் தெரிந்துகொள்வதற்கு, அதை ஒட்டியதும் அவர்தான். மேலே மின்சாரம் கிடையாது. இருட்டில் நடக்கும்போது காலில் அந்தப் புள்ளிகள் தட்டினால், இதற்கு மேல் போகக்கூடாது என்று நின்றுகொள்வாராம். "கண்ணு தெரியாதவங்களுக்குன்னு போட்டது. கடைசியில எனக்குத்தான் ஒதவுச்சு."

வாட்ச்மேன் அவரை 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். நோன்பு மாதத்தில் பாய் தினமும் கஞ்சி அனுப்பினார். தான் நோன்பு பிடிக்காவிட்டாலும் பாங்கு சொன்ன பிறகுதான் குடித்தேன் என்றார் கதிரேசன். கீழே எல்லோரும் காத்திருக்கும்போது மேலே தான் மட்டும் குடிக்க மனசு வரவில்லையாம்.

பிறகு ஒரு நாள், அந்தக் கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்தது. இடிக்கும் கம்பெனியின் ஃபோர்மேன் அளவெடுக்க வந்தார், பாய் கடையில்தான் சாப்பிட்டார். ஆட்கள் போதவில்லை என்று புலம்பினார். அந்தச் சமயத்தில், விசா முடிந்து தங்கியிருப்பவர்கள் அபராதம் கட்டாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று அரசாங்கமும் அறிவித்திருந்தது. பாய் இரண்டையும் முடிச்சுப் போட்டார். ஃபோர்மேனிடம் பேசினார். ஒரு மாதத்துக்குள் கதிரேசனுக்குப் புது விசா. பல மாதம் ஒளிந்திருந்தவர் பயமில்லாமல் தெருவில் நடந்தார். முதல் சைட் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பிளாட்பாரத் தளம் கீழே விழுந்த அன்று சாயங்காலம் கதிரேசன் உடம்பெல்லாம் சிமெண்ட் தூசியோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நாலு நாள் கழித்து ஊருக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் ஒரு போன் இல்லை. பாய் கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை.

"நான்தான் தங்கச்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன்" என்றார் பாய். மேஜையை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினார். "அவன் படுத்த இடத்தை அவன் கையாலயே உடைக்க வச்சுட்டேன். அந்தக் கோவத்துலதான் போயிட்டான்னு நெனச்சேன். மூணு வருசமா அதுதான் நெஞ்சுல கிடந்துச்சு."

நான் போனை எடுத்தேன். இங்கிருந்து வாட்ஸாப் அழைப்பு போகாது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அதனால் சாதாரண அழைப்பே போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. பாய், "வேலையில இருப்பான், விடுங்க" என்றார், ஆனால் கண் போனை விட்டு நகரவில்லை. நான் குரல் செய்தி ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். சாப்பாட்டுக் கூட்டம் வந்தது. பாய் எனக்கு மீன் குழம்பும் சோறும் வைத்தார். பாதி சாப்பிடும்போது மணி அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

"கதிரேசா."

அந்தப் பக்கம் டைல்ஸ் அறுக்கும் மெஷின் சத்தம். யாரையோ நிறுத்தச் சொல்வது கேட்டது. சத்தம் நின்றது.

"பாய்! பாய்தானா? நல்லா இருக்கீங்களா பாய்?"

"இருக்கேன்டா. நீ ஏன்டா ஒரு போன் பண்ணல? கோவமாப் போயிட்டியேன்னு..."

"எதுக்கு பாய் கோவம்?"

"உன்னை வச்சே அதை உடைக்க வச்சேன்ல."

கதிரேசன் நிதானமாகப் பேசினார். "வருத்தம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் பாய். அன்னைக்கு உங்ககிட்ட அதைச் சொல்லத்தான் வந்தேன். வார்த்தை வரல. நீங்களும் டீயை வச்சுட்டு அடுப்புக்குப் போயிட்டீங்க. ஆனா நீங்க அந்த வேலை வாங்கித் தரலன்னா நான் இன்னும் எங்கயாச்சும் ஒளிஞ்சுதான் கிடந்திருப்பேன். எங்கப்பாவுக்கு முடியலன்னு போன் வந்தப்ப, கையில விசா இருந்துச்சு. மறுநாளே ஃப்ளைட் ஏறினேன். இல்லன்னா முகத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது."

"அப்பா எப்படி இருக்காங்க?"

"ஆறு மாசம் இருந்தாரு பாய். நான்தான் பக்கத்துல இருந்தேன்."

பாய் இறந்தவருக்காக மெல்லிய குரலில் துஆ ஓதினார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கூட்டமா இருக்கு, இரு, பேசிக்கிட்டே பரிமாறுறேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டார். என் போன் என்னிடம் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

இடித்துப்போன ஒரு ஸ்டேஷனைப் பார்க்கப் போய் என்ன கிடைத்தது என்று கணவர் கேட்டார். ரயில் ஓடினால்தான் ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள்கூட ரயில் ஓடாத அந்த இடத்தில் ஆட்கள் சந்தித்திருக்கிறார்கள், காத்திருந்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் வழியனுப்பாமலே பிரிந்தும் போயிருக்கிறார்கள். கட்டியவர்கள் அதைத் தோல்வி என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். நான் அப்படி எழுத மாட்டேன்.

இடத்தை எப்படியாவது கண்டுபிடித்துப் போக நினைப்பவர்களுக்கு: குளிர்காலத்தில் போங்கள். அந்த வெட்டவெளியில் இப்போது ஒதுங்க நிழல் கிடையாது. டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கடினம். தூண்களைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும், வேலிக்கு உள்ளே போகாதீர்கள். சனி, ஞாயிறு மாலைகளில் திரும்பும் பஸ்ஸில் வரிசை நீளமாக இருக்கும், ஐந்து மணிக்கு முன்பே ஷாபியா வந்துவிடுங்கள். முசஃபாவில் எந்தச் சின்ன உணவகத்திலும் மதியச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். ஜமால் பாய் கடை எது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

போன வாரம் பாயிடமிருந்து குரல் செய்தி வந்தது. பெருநாள் முடிந்து ஊருக்குப் போகிறாராம். கீழக்கரைக்கு நேராகப் போகாமல் முதலில் கதிரேசன் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "திருச்சி ஏர்போர்ட்ல இறங்கினா அங்க எப்படிப் போறது தங்கச்சி? உங்களுக்குத்தான் ரயிலெல்லாம் தெரியுமே" என்று கேட்டிருந்தார். இந்தக் கட்டுரையை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பாய், ஏர்போர்ட்டிலிருந்து திருச்சி ஜங்ஷனுக்கு ஆட்டோவில் வாருங்கள். சென்னை போகும் ரயிலில் அரியலூருக்கு ஒரு மணி நேரம்தான். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, கேட்டு ஏறுங்கள். கிளம்புவதற்கு முன்னால் கதிரேசனுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பிளாட்பாரத்துக்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.